பிள்ளையின் சாட்சி: சிறுவர் கதையும் பெரியவர் சொல்லும்

சென்ற ஆண்டு மூன்றாம் தவணையின் கடைசி வாரம். பரீட்சை முடிந்து, விடைத்தாள் திருத்தும் வேலையும் ஓரளவு ஓய்ந்திருந்தது. கந்தப்பளையில் அந்த நாட்களில் காலை பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் வகுப்பறைக்குள்ளேயே நிற்கும். கரும்பலகை தெரியாது. பாடம் நடத்த முடியாத அந்த வேளையில் எட்டாந்தரப் பிள்ளைகளுக்கு இரா. நடராசனின் 'ஆயிஷா'வை வாசித்துக் காட்டினேன். இரண்டு நாட்களில் முடித்தேன். முடிந்ததும் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் எழும்பி நின்று கேட்டாள்.

"சேர், அந்த டீச்சர் புள்ள செத்ததுக்குப் பொறகுதானே இதை எழுதுறாங்க? உசிரோட இருக்கப்பவே எழுதியிருக்கலாம்தானே?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. மணி அடித்ததைச் சாட்டாக வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 'ஆயிஷா'வைப் பற்றி நான் வாசித்த, கேட்ட பாராட்டுகள் எதிலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. இக்கட்டுரை அந்தப் பிள்ளைக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

'ஆயிஷா' 1990களில் வெளிவந்த குறுநாவல். தமிழ்நாட்டில் சிறு நூலாகப் பல பதிப்புகள் கண்டது. ஆசிரியர் பயிற்சிகளில், அறிவியல் இயக்கக் கூட்டங்களில், பள்ளிக்கூடங்களில் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டது. இதை எழுதிய நடராசனும் ஓர் ஆசிரியர். பின்னர் 2014இல் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' நூலுக்காகச் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருதைப் பெற்றவர். கதை நம் வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. ஆயிஷா என்ற மாணவி கேள்வி கேட்கிறாள். காந்தத்தை வெட்டிக்கொண்டே போனால் என்னாகும் என்று கேட்கிறாள். பாடப்புத்தகத்துக்கு வெளியே போய் வாசிக்கிறாள். கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஆசிரியர்களிடம் அடி வாங்குகிறாள். வலி தெரியாமல் உடம்பை மரத்துப்போகச் செய்யும் மருந்து ஒன்றைப் பற்றி வாசித்து, முதலில் தவளையில் சோதித்து, பிறகு தன்மீதே சோதித்துப் பார்க்கிறாள். இனி எவ்வளவு அடித்தாலும் வலிக்காது என்பதே அவளது கண்டுபிடிப்பு. அந்தச் சோதனையில் அவள் இறந்துபோகிறாள். இதை நமக்குச் சொல்பவர் அவளது விஞ்ஞான ஆசிரியை. தான் எழுதிய ஒரு விஞ்ஞான நூலுக்கான முன்னுரையாக அவர் இதைச் சொல்கிறார்.

அடி என்பது பிள்ளையின் உடம்புக்கு என்ன செய்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன கதைகள் குறைவு. அடியை நிறுத்தும் அதிகாரம் பிள்ளையிடம் இல்லை. வலியை நிறுத்தும் வழியை மட்டுமே அவளால் தேட முடிகிறது. பிள்ளையின் வலுவின்மை என்று பெரிய கட்டுரைகள் எழுதுவதை இந்த ஒரு நிகழ்ச்சி சொல்லிவிடுகிறது. ஆசிரியர் ஒருவரே தன் வர்க்கத்தாருக்கு எதிராக இதை எழுதினார் என்பதற்காக நான் அவரை மதிக்கிறேன்.

ஆனால் பின்வரிசைப் பிள்ளை கண்டது வேறொன்று. கதையின் வடிவத்தையே அவள் பிடித்துவிட்டாள். முன்னுரை எழுதும் ஆசிரியை கெட்டவர் அல்லர். ஆயிஷாவை நேசிக்கிறார். அவளால் தானும் மாறுகிறார். இருந்தும் அவளைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. பிள்ளை போன பிறகு அவருக்குப் பேச்சு வருகிறது. கதை முடியும்போது வாசகராகிய நாம், முக்கியமாக ஆசிரியர்களாகிய நாம், கண் கலங்குகிறோம். கண் கலங்கியதால் நாம் நல்லவர்கள் என்றும் நினைத்துக்கொள்கிறோம். நமக்கு ஒருவகைத் தௌபா கிடைத்துவிடுகிறது. ஆயிஷாவுக்கு என்ன கிடைத்தது? அவளது கேள்விகள் நமக்குத் தெரியும். அவளது இரவுகள் தெரியாது. யாருக்குப் பயந்தாள், யாரை மன்னித்தாள், இந்த நல்ல ஆசிரியையைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைத்தாள் என்பதெல்லாம் தெரியாது. அவளைப் பற்றிய சாட்சி முழுவதும் பெரியவர் ஒருவரின் வாயிலிருந்தே வருகிறது. வலுவின்மையின் கடைசிப் படி இதுதான் என்பது என் கருத்து: தன் கதையைத் தானே சொல்லவும் பிள்ளைக்கு இடமில்லாமல் போவது.

இதே ஆட்களை வைத்து இன்னொரு கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. ரோல்ட் டாலின் 'மட்டில்டா' 1988இல் வெளிவந்தது. அங்கும் வயதுக்கு மீறி வாசிக்கும் ஒரு சிறுமி. அங்கும் பிள்ளைகளை வதைக்கும் பள்ளிக்கூடம். டிரஞ்ச்புல் என்ற தலைமை ஆசிரியை. அங்கும் அன்பான, பலமில்லாத ஓர் ஆசிரியை. பெயர் மிஸ் ஹனி. தகப்பன் பழைய கார்களை ஏமாற்றி விற்பவன். தாய்க்கு மகளைப் பார்க்க நேரமில்லை. கிட்டத்தட்ட எல்லாப் பெரியவர்களும் பிழையானவர்கள். அந்தத் தலைமை ஆசிரியை கொடுமையை அளவு மீறிச் செய்வதற்கும் ஒரு காரணம் உண்டு: பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாலும் எந்தத் தாய் தகப்பனும் நம்பமாட்டார்கள். பிள்ளையின் சொல்லுக்குப் பெரியவரிடம் மதிப்பில்லை என்பதே கொடுமைக்காரியின் பாதுகாப்பு. வேடிக்கைக் கதைக்குள் டால் வைத்த உண்மை இது.

மட்டில்டா சாகவில்லை. கண்ணாலேயே பொருட்களை அசைக்கும் ஒரு சக்தி அவளுக்கு வருகிறது. அதைக் கொண்டு கரும்பலகையில் சோக்கட்டியை எழுத வைத்துத் தலைமை ஆசிரியையை ஓட ஓட விரட்டுகிறாள். ஆசிரியை பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் பதிலாகப் பிள்ளை ஆசிரியையைக் காப்பாற்றுகிறாள். இது மாயம், நிஜத்தில் நடக்காது என்று நாம் சொல்லலாம். சரிதான். ஆனால் இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். 'ஆயிஷா' பெரியவர்கள் அழுவதற்காக எழுதப்பட்டது. 'மட்டில்டா' பிள்ளைகள் மூச்சு விடுவதற்காக எழுதப்பட்டது. முதலாவதை நாம் சிறுவர் கையில் கொடுக்கும்போது, கேள்வி கேட்ட பிள்ளைக்குக் கிடைக்கும் முடிவு சாவுதான் என்ற செய்தியையும் சேர்த்தே கொடுக்கிறோம். நடராசன் அதை நினைத்து எழுதவில்லை. கொடுப்பவர்கள் நாம்.

இன்னொரு தொடர் 1999 முதல் 2006 வரை பதின்மூன்று நூல்களாக வந்தது. லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டானியல் ஹாண்ட்லர் எழுதியது. தாய் தகப்பனை இழந்த மூன்று பிள்ளைகள். அவர்களுடைய சொத்துக்காக வேடம் மாற்றி மாற்றித் துரத்தும் கவுண்ட் ஓலாஃப் என்ற கயவன். அந்தக் கயவனைவிட என் மனதில் நின்றவர் மிஸ்டர் போ என்ற வங்கிக்காரர். பிள்ளைகளின் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு அவருடையது. நல்ல மனிதர். எப்போதும் இருமிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் வந்து, இவன்தான் அந்த ஆள், வேடம் போட்டு வந்திருக்கிறான் என்று சொல்லும் போதெல்லாம் அவர் நம்பமாட்டார். அடிப்பதில்லை, ஏசுவதில்லை, நம்புவதில்லை, அவ்வளவுதான். கயவன் மீண்டும் மீண்டும் தப்பிப்பதற்கு அதுவே போதுமாக இருக்கிறது.

நம்முடைய சிறுவர் கதைகளில் மிஸ்டர் போ இல்லை. கெட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள்: கள்வன், பிள்ளை பிடிப்பவன், மாற்றாந்தாய். அவர்கள் வெளியே இருந்து வருபவர்கள். வாப்பா, உம்மா, ஆசிரியர், லெப்பை, ஊர்ப் பெரியவர் ஆகியோர் பிழை செய்வதில்லை. பிழை செய்வது பிள்ளை மட்டும்தான். பிள்ளை சொல் கேட்காது, மரத்தில் ஏறும், விழும், காய்ச்சல் வரும், வருந்தும், உம்மாவின் மடியில் தலை வைக்கும். நமது பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்களில் இருபது வருடங்களாக நான் வாசித்து வரும் கதை இந்த ஒன்றுதான். அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதனால் யாரையும் சுட்டவில்லை.

இதைப் பற்றி என் நண்பரான ஒரு மௌலவியிடம் அஸருக்குப் பிறகு பேசிக்கொண்டிருந்தேன். அவரும் பாடசாலை ஆசிரியர்தான். "பெரியவன் பொய்யன் என்று கதை சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் நாளைக்கு யாரை மதிக்கும் மாஸ்டர்? அதபு என்று ஒன்று இருக்கிறதே" என்றார். நியாயமான கேள்வி. நம் வாசகர்கள் பலருக்கும் இதே கேள்வி இருக்கும். ஆகவே நமது மரபுக்குள்ளேயே பதில் தேடிப் பார்த்தேன்.

திருக்குர்ஆனின் பன்னிரண்டாவது அத்தியாயம் ஸூரா யூஸுஃப். மிக அழகிய வரலாறு என்று அந்த அத்தியாயமே தன்னை அறிமுகம் செய்கிறது. அந்த வரலாறு எங்கே தொடங்குகிறது? ஒரு சிறு பிள்ளையை அவனுடைய சொந்தச் சகோதரர்கள், அவனைவிட மூத்தவர்கள், விளையாட அழைத்துப் போவதாகத் தகப்பனிடம் பொய் சொல்லிக் கூட்டிச் சென்று கிணற்றில் போடுவதில் தொடங்குகிறது. தகப்பன் ஒரு நபி. ஓநாய் பிடித்துவிடுமோ என்று அஞ்சுவதாக அவர் சொல்லியிருந்தார். திரும்பி வந்தவர்கள் ஓநாய் தின்றுவிட்டது என்றார்கள். தகப்பனின் வாயில் வந்த பயத்தையே பிள்ளைகள் எடுத்துப் பொய்யாக்கினார்கள். சட்டையில் பொய் இரத்தம். தகப்பன் நம்பவில்லை, ஆனாலும் பொறுமை காப்பதைத் தவிர அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கிணற்றிலிருந்து தூக்கிய வழிப்போக்கர்களோ பிள்ளையைச் சில திர்ஹங்களுக்கு விற்றுவிடுகிறார்கள். வளர்ந்த பிறகும் அப்படியே. சட்டை பின்பக்கம் கிழிந்திருப்பதைக் கண்டு யூஸுஃப் (அலை) நிரபராதி என்று தெரிந்த பின்னும் அவர் சிறைக்கு அனுப்பப்படுகிறார். பெரியவர்களின் நம்பத்தகாத தன்மையை இதைவிட வெளிப்படையாக எந்தச் சிறுவர் கதையும் சொன்னதில்லை. நாம்தான் மக்தபில் இதைச் சொல்லும்போது கிணற்றை அவசரமாகக் கடந்து அரண்மனைக்குப் போய்விடுகிறோம்.

மௌலவி விடவில்லை. "முடிவையும் சொல்லுங்கள். யூஸுஃப் நபி சகோதரர்களை மன்னித்தார்களே" என்றார். ஆம், மன்னித்தார்கள். ஆனால் எப்போது? செய்தது இன்னது என்று சொல்லப்பட்ட பிறகு. சகோதரர்கள் தாங்களே பிழை செய்தவர்கள் என்று ஒப்புக்கொண்ட இடத்தில். யூஸுஃபின் கையில் அதிகாரம் இருந்தபோது. அதிகாரம் உள்ளவர் கொடுப்பதே மன்னிப்பு. கிணற்றுக்குள் இருக்கும் பிள்ளையிடம் நாம் கேட்பதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. அதற்குப் பெயர் வாயை மூடு என்பது.

இன்னும் இரண்டு செய்திகள். அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. நபி (ஸல்) அவர்கள் ஒரு வீட்டில் அமர்ந்திருக்கும்போது, அந்த வீட்டுத் தாய் தன் சிறு மகனை வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று அழைக்கிறார். என்ன கொடுக்கப் போகிறாய் என்று நபிகளார் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். எதையும் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உன்மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபிகளார் சொல்கிறார்கள். பிள்ளைக்குச் சொல்லும் சின்னப் பொய்யும் பொய்தான் என்பதற்கு நாம் இதைப் பலமுறை பயான்களில் கேட்டிருக்கிறோம். கவனிக்காமல் விட்டது வேறு. இதை அறிவிப்பவர் யார்? அன்று அழைக்கப்பட்ட அதே பிள்ளை, அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி). தாய் சொன்னார் என்று அவரே சாட்சி சொல்கிறார்.

மற்றையது அனஸ் (ரலி) அவர்களுடையது. சுமார் பத்து வயதில் சேவகப் பிள்ளையாக வந்து பத்து வருடங்கள் நபிகளாருக்கு ஊழியம் செய்தவர். அந்தக் காலத்தில் தன்னை ஒரு தடவையேனும் சீ என்று சொன்னதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவர் அறிவித்ததை புகாரியும் முஸ்லிமும் பதிந்து வைத்திருக்கிறார்கள். எஜமானின் நற்குணத்துக்குச் சான்றாக நாம் இதைச் சொல்கிறோம். நான் கேட்பது: அந்தச் சான்றைத் தரும் தகுதி யாருக்குக் கொடுக்கப்பட்டது? வீட்டில் வேலை செய்த பிள்ளைக்கு. எஜமான் நல்லவர் என்று எஜமானின் நண்பர்கள் சொன்னதோடு நமது மரபு நின்றுவிடவில்லை. பிள்ளைப் பருவத்தில் கேட்டது எந்த வயதிலிருந்து ஏற்கத்தக்கது என்பதற்கு இமாம் புகாரி தனித் தலைப்பே வைத்து, ஐந்து வயதில் கண்டதை நினைவில் வைத்திருந்த ஒருவரின் அறிவிப்பைச் சேர்த்தார். பெரியவர்களையோ அறிவிப்பாளர் கலை துருவித் துருவிப் பார்த்தது. வயது, தாடி, ஊர்ச் செல்வாக்கு எதுவும் செல்லவில்லை. நம்பகமானவர் ஸிகா, பலவீனமானவர் ளயீஃப். பிள்ளையின் சாட்சியை ஏற்று, பெரியவரின் சொல்லைச் சோதித்த ஒரு மரபின் வாரிசுகளான நாம், சிறுவர் கதை எழுத உட்கார்ந்தவுடன் அதைத் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நமது எழுத்தின் தொடக்கமும் அப்படியல்ல. கண்டி தந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவல். அதன் நாயகன் அசன், சிறு வயதில் எகிப்திலிருந்து கடத்தப்பட்டுப் பம்பாயில் வளரும் பிள்ளை. பெரியவர்களால் களவாடப்பட்ட ஒரு பிள்ளையோடுதான் நமது நாவல் பிறந்தது. அது சாகச நாவல். அசன் உயர்குலத்துப் பிள்ளை என்பதால் கதை அவனை அவனது இடத்துக்குத் திருப்பிக் கொண்டு சேர்க்கிறது. குலமில்லாத பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று கேட்பது அடுத்து வந்தவர்களின் வேலை. தமிழகத்தில் சல்மா 2004இல் எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' ராபியா என்ற சிறுமியின் கண்ணையும் பயன்படுத்திப் பெரியவர்களின் வீடுகளுக்குள் பார்த்தது. அது பெரியவர்களுக்கான நாவல். சிறுவர்களுக்கென்று எழுதும்போது நம்மில் யாருக்கும் அந்தத் துணிவு வரவில்லை. கேள்வி கேட்கும் ஒரு முஸ்லிம் சிறுமியைத் தமிழ் உலகம் அறியச் செய்தவர் நடராசன். ஆயிஷா நமது வீட்டுப் பிள்ளை. அவளை நாம் எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். சிங்களச் சிறுவர் நாவல்களில் யாரும் அறிந்தது மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'. 1947இல் வெளிவந்தது, தமிழிலும் உண்டு, 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். தாயை இழந்த உபாலி, தகப்பனின் கண்டிப்புக்கும் சிறியதாயின் வீட்டுக்கும் நடுவே குறும்புக்காரனாக வளர்ந்து, கடைசியில் வீட்டைவிட்டு ஓடி, கொக்கலைக் களப்பில் ஒரு தீவில் வாழ்கிறான். பெரியவர்களின் உலகம் சரியில்லாதபோது பிள்ளை தனக்கொரு உலகம் அமைக்கலாம் என்று சொன்ன அருமையான நூல். என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்பார்கள். உபாலியோடு ஓடிப்போகும் இன்னொரு பையன் இருக்கிறான். பெயர் ஜின்னா. அவன் உபாலி வீட்டு வேலைக்காரப் பையன். கதையைச் சொல்பவன் உபாலி. அந்தத் தீவு ஜின்னாவுக்கு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது.

லயத்துப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கும் ஓர் ஆசிரியன் ஜின்னாவைக் கடந்து போக முடியாது. எங்கள் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் கொழும்புக்கும் மற்ற நகரங்களுக்கும் வீட்டு வேலைக்குப் போனது நேற்று இன்று நடந்ததல்ல. மலையகச் சிறுகதைகளில் அந்தப் பிள்ளை வந்துபோயிருக்கிறாள். அவை பெரியவர்களுக்கான கதைகள். 2021 ஜூலையில் மலையகத்திலிருந்து கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி எரிகாயங்களுடன் வைத்தியசாலையில் இறந்தபோது நாடு சில வாரங்கள் பேசியது. பேச்சு வெகு விரைவில் வீடு யாருடையது, எந்தக் கட்சி, எந்தச் சமூகம் என்று போய்விட்டது. பிள்ளை நடுவிலிருந்து விலகிவிட்டாள். வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதும் அதே 2021இல்தான். இந்தப் பிள்ளைகளை வைத்திருந்த வீடுகள் எல்லாச் சமூகத்திலும் உண்டு. நம்முடைய வீடுகளும் அதில் அடக்கம். யதீம்களைப் பற்றிக் கண்ணீரோடு கதை சொல்லும் வீட்டின் குசினியிலேயே ஒரு பிள்ளை அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கும்.

நான் மற்றவர்களைப் பற்றி மட்டும் எழுதினால் அது 'ஆயிஷா'வின் ஆசிரியை செய்ததைவிடக் குறைவு. 2017இல் என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளை ஒருநாள் இடைவேளையில் வந்து, அத்தை கொழும்புக்குக் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னாள். அங்கே ஒரு வீட்டில் இருந்துகொண்டு படிக்கலாமாம். "அங்கன ஸ்கூல் இருக்குங்களா சேர்?" என்று கேட்டாள். அது என்ன பயணம் என்று எனக்குத் தெரியும். அவளது தகப்பன் மரக்கறித் தோட்டத்தில் கடன்பட்டிருந்ததும் தெரியும். தகப்பனிடம் பேசியிருக்கலாம். அதிபரிடம் சொல்லியிருக்கலாம். பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இருக்கும் மகள், கவனமாப் படிங்க." அடுத்த திங்கட்கிழமை அவளது கதிரை காலியாக இருந்தது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு தீபாவளிக்கு வந்திருந்தாள். கடைவீதியில் கண்டேன். உயரமாகிவிட்டாள். கையில் விலை உயர்ந்த பை ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை பாவித்துவிட்டதாக இருக்கும். "எப்படி மகள்" என்றேன். "நல்லா இருக்கேன் சேர்" என்றாள். பாடசாலையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நான் அவளை அடித்ததில்லை. கூப்பிட்டு ஏசியதுமில்லை. வா, தருகிறேன் என்று சொல்லி ஒன்றும் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆகவே பின்வரிசைப் பிள்ளையின் கேள்விக்கு என் பதில் இது. அந்த ஆசிரியை முன்பே எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டதற்குக் காரணம் அன்பில்லாமை அல்ல. பிள்ளையின் சொல்லைச் சாட்சியாக எடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை என்பதே காரணம். பிள்ளை உயிரோடு இருக்கும்போது சொல்வது நமக்குக் 'கதை'. இறந்த பிறகுதான் அது உண்மையாகிறது. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயம் 1989இல் வந்தது. இலங்கை 1991இல் ஏற்றது. தன் கருத்தைச் சொல்லவும் அது கவனிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றுநிருபம் அனுப்பியது. சுற்றுநிருபம் அதிபரின் கோப்புக்குப் போகும். கதை பிள்ளையின் கைக்குப் போகும். பிள்ளைக்குத் தான் காண்பது உண்மைதான் என்று முதலில் சொல்லக்கூடியது கதை.

சிறுவர்களுக்கு எழுதும் நம் எழுத்தாளர்களிடம், என்னையும் சேர்த்து, நான் கேட்பது அதிகமில்லை. பெரியவர்களையெல்லாம் கயவர்களாக்க வேண்டாம். அதுவும் ஒரு பொய். கடன்பட்ட தகப்பனும், பயந்த ஆசிரியனும், இருமிக்கொண்டிருக்கும் மிஸ்டர் போவும் கயவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் செய்த பிழையைப் பிழை என்றே எழுதுவோம். அந்தப் பிழையைப் பிள்ளையே காணட்டும், பிள்ளையே சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கதை முடியும்போது பிள்ளை உயிரோடு இருக்கட்டும். வெற்றி பெற வேண்டும் என்றில்லை. கண்ணால் சோக்கட்டியை அசைக்கவும் வேண்டாம். கிணற்றிலிருந்து யாராவது ஒரு வாளியை இறக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கை இருந்தால் போதும்.

மௌலவி இந்தக் கட்டுரையின் முதற்பிரதியை வாசித்துவிட்டு, யூஸுஃப் நபியைப் பற்றிய பகுதியில் எனக்கும் அவருக்கும் இன்னும் பேச இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பேசுவோம். ஆனால் இந்தத் தவணை மக்தபில் அந்த வரலாற்றைச் சொல்லும்போது கிணற்றில் கொஞ்ச நேரம் நிற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் என் பங்குக்கு, அந்தப் பின்வரிசைப் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஆயிஷா தன் கதையைத் தானே எழுதுவதாக நினைத்துக்கொண்டு எழுதச் சொன்னேன். நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். எழுத்துப் பிழைகள் நிறைய. சிவப்புப் பேனையை எடுத்தவன், திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு முதலில் முழுவதையும் வாசித்தேன். அவளது ஆயிஷா மருந்தைத் தவளைக்கும் கொடுக்கவில்லை, தானும் எடுக்கவில்லை. அடித்த ஆசிரியர்களின் பெயர்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறாள். அந்தக் கொப்பியை யாரிடம் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கதை அந்த இடத்தில் நிற்கிறது.